சீரில் வந்த கறுப்பு சோபா

காரைக்குடி
18-7-1967, இரவு

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அம்மான் வீட்டில் யாராவது கேட்டால் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி எழுதியது என்று சொல்லிவிடுங்கள். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டு போன அண்ணன் மனைவிக்கு நான் எழுதுவது ஆத்தாவுக்குத் தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். நிஜமாகவே நிறுத்துவார்களா என்று தெரியாது. ஆனால் பயமாக இருக்கிறது.

நீங்கள் கோபித்துக்கொண்டு மதராஸுக்குப் போய் இன்றோடு ஐம்பது நாள். அண்ணனும் மலேயாவில் இருப்பதால் உங்கள் அறை பூட்டியே கிடக்கிறது. உங்கள் சோபாவை ஆத்தா கொட்டகையிலிருந்து எடுக்கச் சொல்லி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். வண்டிக்காரச் சின்னக்கருப்பும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவன், "எலும்பை வெளிய வச்சு, சதைய உள்ள வச்சுச் செஞ்சிருக்காகளே, இது என்ன பிராணி ஆச்சி?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மழையில் நனைந்த பின்னங்கால்கள் இரண்டிலும் இரும்புக் குழாய் செம்பட்டையாகப் பொரிந்திருக்கிறது. தோலில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. நாளைக்குப் புளி போட்டுத் தேய்க்கட்டுமா?

மாடி ஜன்னல் வாசலுக்கு நேர் மேலே இருப்பதால் யார் வந்தாலும் கேட்கிறது. எல்லாரும் கதவு வளையத்தைத்தான் ஆட்டுகிறார்கள். உங்களைப் போல விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் நின்றுகொண்டிருப்பவர்கள் யாரும் இல்லை.

பதில் போடுவதானால் என் வகுப்புப் புஷ்பவள்ளி வீட்டுக்குப் போடுங்கள். அவள் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உறையை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுவார். முகவரி பின்பக்கம்.

இப்படிக்கு,
நாச்சியம்மை


மதராஸ்
27-7-1967

அன்புள்ள நாச்சி,

புளியா! பித்தளை அண்டா என்று நினைத்தாயா? புளியைக் கிட்டே கொண்டுபோகாதே. பழைய வேட்டித் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, துருப்பிடித்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடை. மெத்தைகள் தைக்கப்படவில்லை, இரும்புக் கூட்டுக்குள் சும்மா செருகித்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக உருவிக் காற்றில் வை. வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. இந்த வீட்டுச் சமையல்காரர் என்னை அடுப்பருகே விடுவதில்லை.

நீ ஏன் இப்படி நடுங்குகிறாய்? சண்டை எனக்கும் உன் ஆத்தாவுக்கும். நீ என்ன செய்தாய்? அந்த வீட்டில் என்னோடு அந்தச் சோபாவில் உட்கார்ந்த ஒரே ஆள் நீதான். மற்றவர்களுக்கு அது செத்த மாட்டுத் தோல். உன் அப்பச்சி ஒரு தடவை சாய்ந்து பார்த்து, வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்து, "இது ஆளைப் புடிச்சுத் தள்ளுதுடா" என்று சிரித்ததை மட்டும் மறக்க மாட்டேன்.

அது எனக்குத் தோலும் இரும்பும் இல்லை. பினாங்கில் என் அப்பச்சியின் ஆபீசில் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். கடையை மூடும்போது அப்பச்சி எல்லாவற்றையும் விற்றுவிட்டு அதை மட்டும் கப்பலில் ஏற்றி என் சீரில் வைத்தார்கள். அதை, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற படைப்பு அன்றைக்குக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டு, மூன்று நாள் மழையில் விட்டு, வைக்கோலும் கோழி எச்சமுமாக நான் அதைப் பார்த்தபோது, உன் ஆத்தாவைக் கேட்டேன்: "நீங்க சொல்லாம இந்த வீட்டுல ஒரு சாமான் நகருமா?" அவர்கள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் என் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

இடப்பக்க மெத்தையைத் தூக்கி அடியில் பார். ஒன்பது வயதில் நான் செய்த அக்கிரமம் அங்கே இருக்கிறது.

கண்ணம்மை


காரைக்குடி
8-8-1967, இரவு

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

பார்த்தேன். காம்பஸ் முனையால் கீறிய "க", "ண்". அதற்கு மேல் இல்லை. யாராவது வந்துவிட்டார்களா?

மண்ணெண்ணெய் வேலை செய்தது. துரு போய்விட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் மங்கலாக, முகம் தெரியாமல் இருக்கிறது. மற்ற இடத்தில் என் முகம் நீளமாகத் தெரிகிறது. பூஞ்சையும் இல்லை. மெத்தைகளைத் திரும்பச் செருகும்போது எது எந்தப் பக்கம் என்று மறந்து, அரை நாள் திண்டாடினேன். முதுகு மெத்தையை உட்காரும் இடத்தில் வைத்துவிட்டேன். உட்கார்ந்ததும் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

தினமும் சாயங்காலம் அதில்தான் பாடம் படிக்கிறேன். முதலில் ஜில்லென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாவாடை ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் இங்கே இருந்தபோது சொன்ன மாதிரி ஒரு துண்டு விரித்துக்கொள்கிறேன். கணக்கு வராவிட்டால் நெற்றியை இரும்பில் வைத்துக்கொள்வேன். உங்கள் கடிதம் இடப்பக்க மெத்தைக்கு அடியில்தான் இருக்கிறது.

நேற்று ஆத்தா மாடிக்கு வந்தார்கள். அப்பளம் காய வைக்க வந்தவர்கள் சோபா பக்கத்தில் நின்றார்கள். தொடவில்லை. ரொம்ப நேரம் அந்த மங்கலான காலையே பார்த்தார்கள். "ஜன்னலைத் தொறந்து வையி, காத்துப் படட்டும்" என்றார்கள். அவ்வளவுதான்.

அண்ணமிண்டி, நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம், விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது.

நாச்சியம்மை


மதராஸ்
21-8-1967

அன்புள்ள நாச்சி,

என் அப்பச்சிதான் வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அடி விழவில்லை. "பேரை முழுசா எழுதினா சோபா உன்னுதாயிரும், நான் எங்க உக்கார்றது?" என்றார்கள். அதனால்தான் இரண்டெழுத்தோடு நிற்கிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே அம்மான் வீட்டில் எல்லாம் பிரம்பு நாற்காலி. முதுகில் கட்டம் கட்டமாகப் பதிகிறது. அதனால் நேற்று உன் ஆத்தாவுக்கே நேராக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன். "அந்தச் சோபா அங்கே யாருக்கும் வேண்டாததாக இருந்தால், அதை மட்டும் லாரியில் ஏற்றி மதராஸுக்கு அனுப்பிவைக்கவும். லாரிச் செலவு நான் கொடுத்துவிடுகிறேன்." இதில் தப்பு ஒன்றும் இல்லையே? உனக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கி அனுப்புகிறேன், படிக்க.

எதையோ சொல்ல வேண்டும் என்று எழுதினாயே, என்ன அது?

கண்ணம்மை


காரைக்குடி
2-9-1967, இரவு

அண்ணமிண்டி,

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை அப்பச்சி வாய்விட்டுப் படித்தார்கள். இரண்டாம் தடவை மனதுக்குள் படித்தார்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சீர் சாமான்ல ஒண்ணைத் திருப்பிக் கேட்டா, எல்லாத்தையும் கேட்டதுதான். அத்துக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாக" என்றார்கள்.

உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையா? நம்மில் சீரில் வந்த பொருள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், அது ஒரு கரண்டியாக இருந்தாலும், அந்தப் பெண் இனி இந்த வீட்டுப் பெண் இல்லை என்றுதான் அர்த்தம். ஒன்று மட்டும் தனியாகப் போகாது. கல்யாணத்தன்று உங்கள் சாமான்களை வளவு முற்றத்தில் பரப்பிவைத்துப் பட்டியல் படித்தார்களே, அதே போல எல்லாவற்றையும் மறுபடி பரப்பி, பங்காளிகளை வைத்துப் படித்து, லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் ஒட்டாது.

ஆத்தா, "சின்னப் பொண்ணு, தெரியாம எழுதியிருப்பா" என்று சொன்னார்கள். நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். அப்பச்சிதான், "இருபத்திரண்டு வயசு சின்னப் பொண்ணா? நாம போயிக் கெஞ்சிக்கிட்டு நிக்கணுமா?" என்றார்கள். கொலு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு லாரி.

வேலைக்கார அக்கம்மாள் இப்போதே உங்கள் மங்குத் தட்டுகளை வைக்கோல் வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு வரி எழுதுங்கள், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று. ஒரே ஒரு வரி.

நாச்சியம்மை


மதராஸ்
9-9-1967

நாச்சி,

எனக்குத் தெரியாது. பினாங்கில் எங்கள் தெருவில் சோபா என்றால் சோபாதான். உன் கடிதத்தை அம்மானிடம் காட்டவில்லை, ஆனால் நான் எழுதியதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று முழுக்கப் பேனாவும் கையுமாக இருந்தேன். "தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும்" வரை எழுதினேன். பிறகு அந்தக் கொட்டகை ஞாபகம் வந்தது. நான் தெரியாமல் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் தெரிந்தே செய்ததற்கு? எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். "மழை வரும்னு நினைக்கலை தாயி" என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் ரயிலே ஏறியிருக்க மாட்டேன். இன்றைக்குச் சொன்னாலும் இன்று ராத்திரியே கிளம்பிவிடுவேன்.

உன் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். பதில் வந்தது, ஒரே வரி: "ஆத்தா சொல்படி நடக்கவும்." ஆத்தாதான் ஒன்றும் சொல்வதில்லையே, எந்தப்படி நடப்பது?

நான் எழுதப் போவதில்லை. அந்த வார்த்தை வராவிட்டால் லாரி வரட்டும். உன்னை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. நீ மட்டும்தான் அங்கே எனக்கு உண்மையாக இருந்தாய்.

கண்ணம்மை


காரைக்குடி
14-9-1967, இரவு

அண்ணமிண்டிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு நான் சாப்பிடவில்லை. சாப்பிட முடியவில்லை.

சோபாவைக் கொட்டகையில் போடச் சொன்னது ஆத்தா இல்லை. நான்.

படைப்புக்கு முந்தின நாள் ஆத்தா என்னிடம் சொன்னது இதுதான்: "பங்காளிக எல்லாம் வருவாக. அது மேல ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு மூடிரு, போதும். நகட்ட வேண்டாம், அவ மனசு நோகும்." நான் வேட்டியை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனேன். அங்கே பங்காளி வீட்டு உமையாளும் அவள் தங்கைகளும் முதல் நாளே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். உமையாள் என்னைப் பார்த்து, "ஏடி நாச்சி, செருப்புத் தைக்கிற தோலை முகப்புல வச்சுக்கிட்டா எங்களைச் சாமி கும்பிடக் கூப்பிட்டீக? எங்க அப்பச்சி வாசல்ல நின்னே கும்பிட்டுட்டுப் போயிருவாக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, "அவ இதுலதான் உக்காந்து படிக்கிறாளாம், அதான் செருப்பு வாடை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியும் முன்னே நான் சின்னக்கருப்பிடம் போய், "சோபாவைக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொன்னாக. ஆத்தா சொன்னாக" என்று சொன்னேன். நீங்கள் ஆச்சிமாரோடு பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். மூன்று நாளும் சமையல் வேலையை விட்டு முகப்புப் பக்கம் வரவே இல்லை. சாயங்காலம் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் போகவில்லை. உமையாளும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் ஆத்தாவைக் கேட்டபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆத்தா ஒரு தடவை என் பக்கம் திரும்பினார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதல் கடிதத்திலேயே இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியாமல்தான் புளியைப் பற்றிக் கேட்டேன்.

நாச்சியம்மை


மதராஸ்
21-9-1967

நாச்சி,

மூன்று நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஒன்றும் செய்யாத ஒருத்தரை நாலு மாதமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். செய்தவளுக்கு நாற்காலி வாங்கி அனுப்ப இருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதில் உமையாள் மாதிரி யாரும் இல்லை. இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ உன் ஆத்தாவிடம் சொல்ல வேண்டும். கடிதத்தில் இல்லை, வாயால். இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால். அதற்காக உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாலும் சரி என்று நினைத்துக்கொண்டு போய்ச் சொல்லு.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் ஆத்தா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை.

கண்ணம்மை


காரைக்குடி
28-9-1967, விடியற்காலம்

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

இதைத் தபாலில் போட நேரம் இல்லை. போட்டாலும் நீங்கள் படிப்பதற்குள் லாரி மதராஸ் வந்துவிடும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன்.

நாலு நாளாக அடுப்படிக்குப் போவதும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தேன். நேற்று விளக்கு வைத்த பிறகு ஆத்தாவே மாடிக்கு வந்தார்கள். கீழே வளவில் உங்கள் சாமான்கள் எல்லாம் பரப்பியாகிவிட்டன. சோபா மட்டும்தான் பாக்கி. அதைக் காலையில் இறக்குவதாக இருந்தது. ஆத்தா கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்கள். என் ஆத்தா, அண்ணமிண்டி! இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, படகில் உட்காருகிற மாதிரி.

"குளுகுளுன்னுதான் இருக்கு" என்றார்கள். உடனே, "அடியில என்னடி நொறுங்குது?" என்றார்கள்.

நோட்டுத் தாள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லவில்லை. "அண்ணமிண்டி கடுதாசி, ஆத்தா" என்றேன். அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்துவிட்டது. உமையாள், வேட்டி, சின்னக்கருப்பு, மழை.

ஆத்தா திட்டவில்லை. "தெரியும்" என்றார்கள். "அவ கேட்டப்ப எனக்கே விளங்கலை, யார் சொல்லி நகண்டுச்சுன்னு. திரும்பிப் பாத்தேன். தூணைப் புடிச்சுக்கிட்டு நின்ன. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் ஆத்தா சொல்லலை?"

"பங்காளி வீட்டு ஆளுக இத்தனை பேரு நிக்கையில, எம் மக பொய் சொன்னான்னு சொல்லவா? மருமகளுக்கு என் மேல கோவம்னா நாலு நாள்ல ஆறும்னு நெனைச்சேன். நீயா வந்து சொல்லுவன்னும் பாத்தேன். நாலு மாசமாப் பாத்தேன்டி."

நான் அழுதேன். ஆத்தா என்னை அழ விட்டார்கள். பிறகு, "அவ இதுல எந்தப் பக்கம் உக்காருவா?" என்று கேட்டார்கள். இடப்பக்கம் என்றேன். ஆத்தா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வலப்பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். இடப்பக்கத்தைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டார்கள்.

அப்பச்சியிடம் ஆத்தாவே போய்ச் சொன்னார்கள். அப்பச்சி வளவில் பரப்பியிருந்த சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். பிறகு, "பங்காளிகளுக்குச் சொல்லியாச்சு. கேட்ட வீட்டுக்குக் கொடுக்கலைன்னா நாம கொடுக்க மாட்டேன்னோம்னு ஆயிரும். அவளே வந்து நின்னு வேண்டாம்னு சொன்னாத்தான் லாரியத் திருப்ப முடியும்" என்றார்கள். ஆத்தா, "அவளுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார்கள். தந்தி ஆபீஸ் பூட்டியிருந்தது.

ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. மணி இப்போது ஐந்து. மதராஸ் ரயில் வந்துபோன சத்தம் கேட்டு அரை மணி ஆகியிருக்கும். கீழே வளவில் அண்டாக்கள் இருட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கின்றன. ஆத்தா பின்கட்டில் படுத்திருக்கிறார்கள், தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. நான் வலப்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். இடப்பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று

தெருவில் ஜட்கா நிற்கிறது. லாரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வளையம் இல்லை. விரலால்தான். பின்கட்டுக்குக் கேட்டிருக்காது, எனக்கு மட்டும்தான் கேட்கிறது. ஒன்று, இரண்டு,